‘ஃபாஸ்ட்’ எந்த வகைச் சொல்?

கேள்வி: என் மகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்துவிட்டு, இந்த வருடம் இங்கிலீஷ் மீடியத்தில் எட்டாவது சேர்ந்திருக்கிறாள். நவுன் என்றால் பெயர், வெர்ப் என்றால் செயல் என்று மனப்பாடமாகச் சொல்கிறாள். ஆனால் வாக்கியத்தில் ஒரு சொல்லை அடிக்கோடிட்டு ‘இது என்ன?’ என்று கேட்டால் தப்பாகவே எழுதுகிறாள். வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? – ஒரு வாசகி, தாராவி

பதில்: அம்மா, அந்த மனப்பாடம்தான் அவளைக் குழப்புகிறது. வெர்ப் என்றால் செயல் என்று படித்த பிள்ளை, ‘ஆக்‌ஷன்’ என்ற சொல்லைப் பார்த்தால் வெர்ப் என்றுதானே எழுதும்? அது நவுன். ‘நோ’ (know, அறிவது), ‘பிலாங்’ (சொந்தமாக இருப்பது) இரண்டிலும் கண்ணுக்குத் தெரிகிற செயல் எதுவும் இல்லை, இரண்டும் வெர்ப். அர்த்தத்தை மட்டும் வைத்து வகை சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்தில் சயான் ஸ்டேஷன். தாதரிலும் குர்லாவிலும் நிற்கிற ஃபாஸ்ட் லோக்கல் ரயில் அங்கே நிற்பதில்லை என்பது உங்கள் மகளுக்கே தெரியும். அந்த ‘ஃபாஸ்ட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘திஸ் இஸ் எ ஃபாஸ்ட் ட்ரெயின்’ என்றால் அது ட்ரெயினைப் பற்றிச் சொல்கிறது, அட்ஜெக்டிவ் (பெயரடை). ‘த ட்ரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்றால் ஓடுவதைப் பற்றிச் சொல்கிறது, அட்வெர்ப் (வினையடை). ‘மை மதர் ஃபாஸ்ட்ஸ் ஆன் டியூஸ்டேஸ்’, செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறார், இது வெர்ப். ‘ஷி ப்ரோக் ஹெர் ஃபாஸ்ட்’, விரதத்தை முடித்தார், இங்கே நவுன். நான்கு வாக்கியத்திலும் ஒரே ‘ஃபாஸ்ட்’தான்; இருக்கிற இடமும் பார்க்கிற வேலையும்தான் வேறு.

தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இது ஏன் கஷ்டம் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. வேகம், வேகமான, வேகமாக என்று நம் சொல் தன் முடிவிலேயே தான் யார் என்று சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லின் முடிவையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பல சொற்களில் அங்கே எதுவும் இருக்காது.

மாட்டுங்காவில் என்னிடம் வரும் பிள்ளைகளைப் பென்சிலால் அம்புக்குறி போடச் சொல்வேன். இந்தச் சொல் வேறு எந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறதோ, அதை நோக்கி அம்பு. அம்பு நவுனுக்குப் போனால் அட்ஜெக்டிவ். வெர்புக்குப் போனால் அட்வெர்ப். ‘த ட்ரெயின் இஸ் லேட்’ என்பதில் அம்பு ‘இஸ்’ஸைத் தாண்டி ட்ரெயினுக்குப் போகும், அதனால் அட்ஜெக்டிவ். ‘த ட்ரெயின் கேம் லேட்’ என்பதில் வந்ததற்குப் போகும், அட்வெர்ப். வெர்பைக் கண்டுபிடிக்க வாக்கியத்தில் ‘எஸ்டர்டே’ சேர்க்கச் சொல்லுங்கள். எந்தச் சொல் மாறுகிறதோ அதுதான்: ‘ஃபாஸ்ட்ஸ்’ என்பது ‘ஃபாஸ்டட்’ ஆகும். முன்னால் ‘த’வோ ‘ஹெர்’ரோ போட்டு அதோடு நிறுத்த முடிந்தால் பெரும்பாலும் நவுன்.

‘ஐஎன்ஜி’ வந்தாலே வெர்ப் என்று எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. ‘டோன்ட் போர்ட் எ ரன்னிங் ட்ரெயின்’ என்பதில் ‘ரன்னிங்’ ட்ரெயினுக்கு அடை, அதாவது ஓடுகிற ரயில். ‘ரன்னிங் இஸ் குட் ஃபார் ஹெல்த்’ என்பதில் நவுனின் வேலை பார்க்கிறது. பெயரெச்சமும் தொழிற்பெயரும் தமிழ் வகுப்பில் அவள் படித்தவைதான். அதை நினைவுபடுத்துங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

கேள்வி: ‘ஃப்ரெண்ட்லி’ அட்வெர்ப் என்று எழுதியதற்கு என் பையனுக்கு மார்க் போய்விட்டது. ‘எல்ஒய்’யில் முடிந்தால் அட்வெர்ப்தானே? – ஒரு வாசகர், செம்பூர்

பதில்: இல்லை சார், ‘ஃப்ரெண்ட்லி’ அட்ஜெக்டிவ்தான். ‘எல்ஒய்’யை எடுத்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘ஸ்லோ’, ‘குவிக்’ மாதிரி அட்ஜெக்டிவ் மிஞ்சினால், ‘ஸ்லோலி’, ‘குவிக்லி’ அட்வெர்ப். ‘ஃப்ரெண்ட்’, ‘காஸ்ட்’ (விலை), ‘மதர்’ மாதிரி நவுன் மிஞ்சினால் பெரும்பாலும் அட்ஜெக்டிவ். ‘பார்ட்லி’ போன்ற சில விலகும். ‘டெய்லி’ இரண்டு வேலையும் பார்க்கும்: ‘எ டெய்லி பாஸ்’, ‘ஐ டிராவல் டெய்லி’. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்: கடுமையாக உழைக்கிறாள் என்பதற்கு ‘ஷி ஒர்க்ஸ் ஹார்ட்’ போதும். ‘ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றால் கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை என்று ஆகிவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இதை எழுதிவிட்டு வருவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘அட்வைஸ்’ என்பதற்கு சி எப்போது, எஸ் எப்போது? – ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்: சி வந்தால் நவுன், எஸ் வந்தால் வெர்ப். வெர்பில் கடைசி ஒலி ‘இசட்’ மாதிரி அதிரும், அதனால் வாய்விட்டுச் சொன்னாலே தெரிந்துவிடும். ‘ப்ராக்டிஸ்’, ‘லைசென்ஸ்’ இரண்டுக்கும் பிரிட்டிஷ் முறையில் எழுத்து இதே கணக்குத்தான். ஆனால் உச்சரிப்பில் வித்தியாசம் இல்லாததால் கண்ணால் பார்த்துத்தான் பழக வேண்டும். அப்புறம், ‘அட்வைஸ்’ நவுனாக வரும்போது பன்மை கிடையாது. ‘அட்வைசஸ்’ என்று இருந்தால் அது வெர்ப், ‘ஹி அட்வைசஸ் மீ’ என்பதில் வருவதுபோல.