கொலுசு இறுகுகிறதே, டாக்டர்!

கேள்வி: தி.நகர் ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. ராத்திரியானால் இரண்டு கணுக்காலும் வீங்கி, கொலுசு இறுகிவிடுகிறது. காலையில் வடிந்துவிடுகிறது. கிட்னி கோளாறாக இருக்குமோ?
- வாசகி, சென்னை

பதில்: விடிந்ததும் வடிகிறது என்றால் பெரும்பாலும் நின்றே வேலை பார்ப்பதால்தான். கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் ரத்தம் மேலேறும். அசையாமல் நின்றால் நீர் கீழேயே தேங்கும். புடவை மடிக்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். படுக்கும்போது காலடியில் இரண்டு தலையணை. உப்பு மிகுந்த ஊறுகாய், அப்பளத்தைக் குறையுங்கள்.

உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்தாயிற்று. முதலாளியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்!

பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா? அதுவும் வீங்கவைக்கும், நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கிட்னி சந்தேகம் தீர, சிறுநீர்ப் பரிசோதனையும், ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்றும் கழிவு) அளவும் பார்த்துவிடலாம். ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.