127 பல் சக்கரம் எங்கே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் டர்னர் பிரிவுப் பயிற்றுநராக இருக்கிறேன். எங்கள் மூத்த பயிற்றுநர் மார்ச் 31 அன்று ஓய்வு பெறுகிறார். பழைய லேத்துகளின் (கடைசல் இயந்திரங்களின்) குணமெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ‘தெரிந்ததை எழுதிக் கொடுங்கள்’ என்று முதல்வர் சொல்லி இரண்டு மாதமாகியும் ஒரு பக்கம்கூட வரவில்லை. நான் கேட்டால், “போகப் போக நீயே பழகிக்குவ தம்பி” என்கிறார். என்ன செய்வது?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் எழுதமாட்டார். எழுதினாலும் பாடப்புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதுவார். கையோடு ஊறிய வேலை, தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று அவருக்கே தோன்றாது. பேனாவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தாளில் உங்கள் பிரிவின் வேலைகளை வரிசையாக எழுதுங்கள்: டெயில்ஸ்டாக் (வேலைத்துண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) சீர் பார்ப்பது, செய்முறைத் தேர்வுக்கு மெஷின் ஒதுக்குவது, தளவாடக் கொள்முதலுக்கு அளவு குறிப்பது என்று எல்லாம். மேலே ஆட்களின் பெயர். யாரையும் கேட்காமல் தனியாகச் செய்பவருக்கு டிக். உங்கள் மூத்தவருக்கு மட்டும் டிக் விழும் வேலைகளில் தொடங்குங்கள், மற்றவை காத்திருக்கும்.

ஒரு உதாரணம். லீட் ஸ்குரூ (வெட்டும் டூலை நகர்த்தும் நீளத் திருகு) அங்குலத்துக்கு 4 புரி உள்ள பழைய லேத்தில் 2 மி.மீ. பிட்ச் (புரிக்குப் புரி இடைவெளி) மரை வெட்ட வேண்டும். கணக்குப் போட்டால் பல் சக்கர விகிதம் 40/127 வரும். ஓட்டும் சக்கரம் 40 பல், ஓடும் சக்கரம் 127 பல். இது புத்தகத்தில் இருக்கிறது. அந்த 127 பல் சக்கரம் எந்த அலமாரியில் கிடக்கிறது என்பது இல்லை. இருப்புப் பதிவேட்டில் ‘சேஞ்ச் கியர் – 1 செட்’ என்றுதான் இருக்கும். விவரம் தெரியாதவர் அதைப் பழைய இரும்போடு கழித்துவிட்டால், அந்த மெஷினில் துல்லியமான மெட்ரிக் மரைக்கு வழியில்லை. அடுத்தது, கடைசி வெட்டு முடியும்வரை டூலை லீட் ஸ்குரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. டூலைப் பின்னிழுத்து, மெஷினை ரிவர்ஸில் ஓட்டித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும். ஹாஃப் நட்டை எப்போது மூடலாம் என்று காட்ட அங்கிருக்கும் சேசிங் டயல் அங்குல மரைக்கானது. அதை நம்பித் திறந்து மூடினால் டூல் பழைய தடத்தில் விழாமல் மரை கெட்டுப்போகும்.

இதை ஒரே பக்கத்தில் மூன்று கட்டங்களாக எழுதுங்கள்: என்ன செய்வது, எங்கே கவனம், ஏன். பலரும் விடுவது மூன்றாவது கட்டத்தை. காரணம் தெரியாத விதியை அடுத்து வருபவர் ‘பெரியவர் பழக்கம்’ என்று ஓரங்கட்டிவிடுவார்.

கேட்டுப் பெறும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய வை, சோதி என்று மாணவர்களுக்கு நடத்துகிறோமே, அதே நான்கு படி. நமக்குள் மட்டும் ஏனோ பயன்படுத்துவதில்லை. அவர் ஒருமுறை பேசாமல் செய்யட்டும், அடுத்த முறை சொல்லிக்கொண்டே. மூன்றாம் முறை நீங்கள் செய்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தப்பாகக் கை வைத்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. “ஏய், அப்படி இல்லப்பா” என்பார். அந்த இடத்தில் எழுதுங்கள். ‘பழகிக்குவ’ என்பவரிடமிருந்து வார்த்தை வரும் வழி அதுதான்.

மார்ச்சுக்கு முன் ஒரு சோதனை வையுங்கள்: அவர் இல்லாமல் பிரிவை ஓட்டிப் பாருங்கள். ஈட்டிய விடுப்பு எடுக்கச் சொன்னால் சம்மதிக்கமாட்டார். ஓய்வின்போது 240 நாள் வரை காசாகும். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு இருக்கிறதே, அதில் இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளில் எதற்கெல்லாம் அவருக்குப் போன் செய்தீர்களோ, அதெல்லாம் தாளில் விடுபட்டவை.

வாட்ஸ்அப் குழுவில் போடுவதோடு நிறுத்தாதீர்கள். போன் மாறினால் போய்விடும். தாளை உறையிலிட்டு மெஷின் பக்கத்திலேயே மாட்டுங்கள். கீழே அவர் பெயர் இருக்கட்டும், அந்த மரியாதைக்கு மனிதர் இளகுவார். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இந்தத் தாள்களையும் சேர்க்கச் சொல்லி முதல்வரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் மட்டும் கற்றுக்கொள்ள வேண்டாம். அடுத்த மாறுதல் கலந்தாய்வில் நீங்களும் வேறு ஊருக்குப் போகலாம். மெஷினிஸ்ட் பிரிவிலிருந்து ஒருவரையாவது கூட நிறுத்திக்கொள்ளுங்கள்.