ஜூடோவில் கிளப்புகள் அணியாக மோதுவது எப்படி?

'ஜூடோ தனியாள் ஆட்டமாயிற்றே, ஐரோப்பாவில் கிளப்புகள் அணியாக மோதுவது எப்படி?' என்று காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பாயில் எப்போதும் இருவர்தான். எடைப் பிரிவுக்கு ஒருவராக இறங்குவார்கள். அதிக மோதல்களை வென்ற பக்கம் ஜெயிக்கும். ஒலிம்பிக்கில் உள்ள கலப்பு அணி முறையில் ஆண்கள் மூவர், பெண்கள் மூவர். முதலில் 4 வெற்றி பெற்ற அணிக்கே ஆட்டம்.

3-3 என்றால்தான் சுவாரசியம். குலுக்கலில் வரும் எடைப் பிரிவினர் மீண்டும் மோத வேண்டும். 2024 பாரிஸ் இறுதியில் பிரெஞ்சு நட்சத்திரம் டெடி ரினேரின் பிரிவே வந்தது (பிரான்சுக்கு என்ன யோகம்!), ஜப்பான் தோற்றது.

சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் பளுதூக்கலில் தனியாகத் தங்கம் வென்றார். ஜூடோ அணிக்கு ஒரு நட்சத்திரம் போதாது. ஒரு எடைப் பிரிவில் இறங்க ஆள் இல்லையென்றால் அந்த மோதலே கைவிட்டுப் போகும்.