கருவேல மரத்தை அதன் எல்லாப் பெயர்களிலும் தேடுங்கள்

எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ப்ராஜெக்ட் கருவேல மரம் பற்றி. வாச்செல்லியா நைலோட்டிகா என்று தேடினால் சமீபத்திய கட்டுரைகள்தான் வருகின்றன. பழையவற்றை எப்படிப் பிடிப்பது? பழைய சென்னை மாகாணத் தாவரங்களை விவரிக்கும் கேம்பிளின் மெட்ராஸ் பிரெசிடென்சி ஃப்ளோரா நூலுக்கு மேற்கோளில் எந்த ஆண்டைப் போடுவது?”

பழைய ஆதாரங்கள் நிறையவே இருக்கின்றன, வேறு பெயரில். இந்த மரத்துக்கு வாச்செல்லியா என்ற பெயர் வந்ததே 2008-ல்தான். அதற்கு முன் அகேசியா நைலோட்டிகா, அந்தக் கால இந்திய நூல்களில் அகேசியா அராபிகா, 1753-ல் லின்னேயஸ் வைத்ததோ மிமோசா நைலோட்டிகா. அதனால் முதல் வேலையாக, கியூ தாவரவியல் தோட்டத்தின் ‘பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன்’ தளத்தில் இணைப்பெயர்களை, அதாவது இதே மரத்தின் மற்ற அறிவியல் பெயர்களை, பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘OR’ சேர்த்து கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளம் இருக்கிறது. ஹூக்கரின் ஏழு தொகுதி பிரிட்டிஷ் இந்தியா ஃப்ளோரா போன்ற பழைய நூல்கள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசம்.

கேம்பிள் விஷயத்துக்கு வருவோம். பல ஆய்வேடுகளில் ‘கேம்பிள், 1957’ என்று இருக்கும். கேம்பிள் இறந்தது 1925-ல்! 1957 என்பது இந்தியத் தாவரவியல் ஆய்வகம் மறுபதிப்பு போட்ட ஆண்டு. மூல நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது, அவர் போனபின் மீதியை முடித்தவர் ஃபிஷர். ஆகவே உங்கள் பக்கம் எந்தப் பகுதியில் இருக்கிறது, அது எந்த ஆண்டு வெளிவந்தது என்று பார்த்து அந்த ஆண்டைப் போடுங்கள். கையில் இருந்தது மறுபதிப்பு என்றால் ‘மறுபதிப்பு 1957’ என்று சேர்த்து, பக்க எண்ணும் அதிலிருந்தே கொடுங்கள், ஏனென்றால் இரண்டிலும் பக்க எண் ஒன்றாக இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

இன்னொன்று, தாவரப் பெயருக்குப் பின்னால் வரும் ‘எல்.’ (L.) லின்னேயஸின் சுருக்கம், பெயர் வைத்தவரைக் குறிப்பது. அதற்காகவே லின்னேயஸை மேற்கோள் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை, அந்தப் பக்கத்தை நீங்களே படித்திருந்தால் சேருங்கள். ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டியதை மட்டும் பார்த்தீர்களா, அந்தக் கட்டுரை வழியாக என்று சொல்லிவிடுங்கள். உலர்தாவரத் தாள் (உலர்த்திய செடியை ஒட்டிப் பாதுகாக்கும் தாள்) பார்த்திருந்தால் சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண், உலர்தாவரகத்தின் குறியீடு மூன்றும் வேண்டும். கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் உலர்தாவரகம் என்றால் குறியீடு ‘எம்எச்’ (MH).