டை கட்டிய அணில்

அன்புள்ள சார்,

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. அணில் குடும்பம் ஒன்றை வைத்து எட்டுப் பக்கச் சித்திரக்கதை வரைந்திருக்கிறேன். அப்பா அணில் டை கட்டி ஆபீஸ் போகிறார், அம்மா அணில் தோசை சுடுகிறார், பிள்ளைகள் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். படங்கள் அழகு என்கிறார்கள். ஆனால் வகுப்பில் காட்டியபோது ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. வசனத்தில் இன்னும் ஜோக் சேர்க்கணுமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

பக்கங்களைப் பார்த்தேன். கோடு சுத்தம், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வசனத்தைத் தொடாதீர்கள். நால்வரின் வாலையும் அழித்துவிட்டு மனிதத் தலையை வைத்துப் பாருங்கள். கதையில் ஏதாவது மாறுகிறதா? இல்லையே. அப்புறம் அணில் எதற்கு?

நானும் இதே குழியில் விழுந்தவன்தான். என் முயல் குடும்பத்தை ஒரு சிறுவர் பத்திரிகை திருப்பி அனுப்பியது. கடுப்பில் மல்லாந்து படுத்திருந்தேன், டியூப்லைட் பக்கத்தில் ஒரு பல்லி. அன்றிலிருந்து பல்லிக் குடும்பம்தான். பாட்டிப் பல்லி பேரனைத் திட்ட வாயைத் திறந்தால் போதும், கீழே மனிதர்கள் கிளம்பிய காரியத்தை நிறுத்திவிட்டுப் பஞ்சாங்கத்தில் பலன் தேடுவார்கள். பேரன் வீட்டுப்பாடத்துக்குப் பயந்து வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடுவான். துடிக்கிற வாலிடம் அப்பா அரை மணி நேரம் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார். பணக்காரச் சொந்தம் காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் விதானத்தில். ஒருவர் தங்கம், ஒருவர் வெள்ளி. "அவங்களை வரிசையில நின்னு தொட்டுட்டுப் போறாங்க, நம்மளைப் பார்த்தா தொடப்பத்தைத் தூக்குறாங்க" என்று அம்மாப் பல்லி புலம்பாத மாதமே கிடையாது.

வில்லங்கமும் உண்டு. வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கிற இமை இல்லை. கண்ணை நாக்கால் நக்கித்தான் துடைத்துக்கொள்ளும். இமை இல்லாத முகத்தில் கண்ணடிப்பதை எப்படி வரைவது, கொட்டாவியை எப்படிக் காட்டுவது? ஆறு மாதம் திணறினேன். கடைசியில் அதையே தாத்தா தலையில் கட்டினேன்: அவர் தூங்குகிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று வீட்டில் யாருக்கும் பிடிபடுவதில்லை. வாலுக்கும் கணக்கு வைத்திருக்கிறேன். இந்த மாதம் அறுந்தது அடுத்த மாதம் முழுசாக இருந்தால் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளர வேண்டும். வளர்ந்ததும் பழைய வால் மாதிரி இருக்காது, உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான்.

உறவுமுறையையும் கொஞ்சம் கலைத்துப் போடுங்கள். டொனால்ட் டக் வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்ற செட் கிடையாது. 1937இல் செய்தித்தாள் சித்திரத்தொடரில் வந்திறங்கிய மூன்று வாண்டுகளும் அவர் உடன்பிறந்தாளின் பிள்ளைகள். 1947இல் டக் கதைகளை வரைந்த ஓவியர் கார்ல் பார்க்ஸ் கொண்டுவந்த கஞ்ச மகாராஜா ஸ்க்ரூஜ், டொனால்டுக்கே மாமா, அம்மா வழியில். நம் கணக்கில் சொன்னால் தாய்மாமனுக்கு ஒரு தாய்மாமன்! அப்பா திட்டினால் தலை குனியணும், மாமா திட்டினால் திருப்பிக் கேட்கலாம். ஒரு மாமா அணிலை எப்படியாவது வீட்டுக்குள் விடுங்கள்.

அணில் கூட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் மீட்டர் பெட்டி மேல் ஒன்று இருந்தது. தேங்காய் நார், தலையணைப் பஞ்சு, கொடியில் காணாமல் போன என் கைக்குட்டையில் பாதி. அம்மா அணில் மட்டும்தான் ஓடி ஓடிக் கொண்டுவந்தது; அப்பாவை அந்தத் திசையிலேயே காணோம். அணில் இனத்தில் அப்படித்தான், குட்டி வளர்ப்பெல்லாம் அம்மா பொறுப்பு. உங்கள் கதாநாயகர் ஆபீஸுக்கு நேரமாகிறது என்று டையைத் தேடட்டும், எட்டுப் பக்கமும் தேடட்டும். அது எங்கே இருக்கிறது என்று குட்டிகளுக்குத் தெரியும். அதன் மேல்தான் படுத்திருக்கிறார்கள்.