அம்மா கையில விலங்கு மாட்டினா பொண்ணு ஸ்கூலுக்கு வந்துடுமா?

கேள்வி: நம்ம துளசேந்திரபுரத்துக் குடும்பத்துப் பேத்தி கமலா ஹாரிஸ், ஸ்கூலுக்கு மட்டம் போடற பசங்களோட அப்பா அம்மாவை ஜெயில்ல போடற சட்டம் கொண்டு வந்தாங்களாமே? இங்கயும் அப்படி ஒண்ணு வந்தாத்தான் சரிப்படும். என்ன சொல்றீங்க? - மன்னார்குடி வாசகர்

பதில்: பேத்திங்கறதுக்காக எல்லாத்துக்கும் கை தட்டணுமா என்ன? அவங்க சான் பிரான்சிஸ்கோவுல அரசு வக்கீலா இருந்தப்ப, ஊர்ல கொலையாகிற 25 வயசுக்குக் கீழ உள்ளவங்கள்ல 94 சதவீதம் பேர் ஹைஸ்கூல் முடிக்காதவங்கன்னு சொல்லித்தான் இதை ஆரம்பிச்சாங்க, அந்தக் கவலையை நான் குறை சொல்லல. அவங்க பின்னால நின்னு தள்ளின சட்டம் 2011ல கலிஃபோர்னியா முழுக்க வந்துச்சு. எட்டாவது வரைக்கும் படிக்கற பிள்ளை தகுந்த காரணம் இல்லாம பத்துல ஒரு நாள் வரலேன்னா பெத்தவங்களுக்கு 2000 டாலர் வரைக்கும் ஃபைன், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருந்துச்சு. முதல்ல உதவி செஞ்சு பாக்கணும்னும் அதே சட்டத்துல இருந்துச்சு, அந்த வரியை யாரு படிச்சா!

தான் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பலன்னாங்க கமலா. சரி, சட்டம் அவங்க கையில மட்டுமா இருந்துச்சு? 2013ல அதே கலிஃபோர்னியாவுல, ஆரஞ்சு கவுண்டிங்கற மாவட்டத்துல, பொண்ணு ஸ்கூலுக்கு வரலேன்னு கைதான ஒரு அம்மா, நைட் டிரஸ் மேல ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு வெளிய வர்றாங்க, கையில விலங்கு, எதிர்ல கேமராக்காரங்க. பொண்ணுக்கு சிக்கிள் செல் அனீமியாங்கற பரம்பரை ரத்த வியாதி, வலி வந்துட்டா ஆஸ்பத்திரிதான், ஸ்கூலுக்கும் தெரிஞ்ச வியாதி. கேஸ் வருஷக்கணக்கா இழுத்து கடைசில ஒண்ணுமில்லாம போச்சு. 2019ல கமலாவே வருத்தப்பட்டாங்க.

இங்க வராத பிள்ளை ஏன் வரலன்னு யாராவது வீடு வரைக்கும் போய் கேட்டாத்தானே தெரியும்? குடும்பத்தோட செங்கல் சூளைக்குப் போயிருக்கும், கைக்குழந்தையைப் பாத்துக்க நின்னிருக்கும், இல்ல வாத்தியார் அடிச்சிருப்பார். அப்பனை உள்ள தள்ளினா அன்னிக்கு கூலி போச்சு, அடுத்த நாள் பையன் வேலைக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கறது பெத்தவங்க கடமைன்னு சொல்லிட்டு தண்டனை எதுவும் எழுதாம நிறுத்திடுச்சு, மறந்து போய் விட்டுட்டாங்கன்னு நினைக்காதீங்க. பசங்களை இழுத்துட்டு வந்தது மதிய சோறுதான், 2022ல இருந்து காலை டிபனும் சேர்ந்துக்கிச்சு.

உங்க தெரு ஒர்க் ஷாப்ல ஒரு சின்னப் பையன் ஸ்பேனரோட நின்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்க, குழந்தைகள் நலக் குழு பாத்துக்கும். யாரையாவது ஜெயில்ல போட்டே ஆகணும்னா, 14 வயசு ஆகாதவனை வேலைக்கு வச்ச ஓனருக்கு 2 வருஷம் வரைக்கும் கொடுக்கற சட்டம் ஏற்கனவே இருக்கு, மன்னார்குடியாரே.