செங்கல்லில் பெயர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகனோடு சில மாதம் இருக்கலாம் என்று வர்ஜீனியா வந்திருக்கிறேன். சின்ன ஊர். நீதிமன்றத்துக்கு முன்னால் படைவீரர் நினைவிடம் ஒன்று இருக்கிறது. தரை முழுக்கப் பெயர் பொறித்த செங்கல். போரில் இறந்தவர்கள் மட்டுமில்லை, பத்திரமாகத் திரும்பி வந்தவர்கள் பெயரும் இருக்கிறது. மே மாதக் கடைசித் திங்கள், போரில் இறந்த படைவீரர்களை நினைக்கும் நாள். அன்று அங்கே பெயர்களை வாசித்து, எக்காளம் ஊதினார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் சற்று நேரத்தில் அதே புல்வெளியில் இறைச்சி சுட ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகள் அந்தச் செங்கல் மேலேயே ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். கடைகளில் மெத்தைக்குத் தள்ளுபடி வேறு. பெட்ஃபோர்டில் இருக்கும் பெரிய நினைவிடத்துக்கும் மகன் கூட்டிப்போனான். எல்லாம் பார்த்த பிறகு எனக்கு ஒரு கேள்வி: இது மரியாதையா, போரைக் கொண்டாடுவதா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

இறைச்சி சுட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அன்று காலையில் கொடிக்கம்பத்தைக் கவனித்தீர்களா? கொடியை முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு அரைக்கம்பத்துக்கு இறக்குவார்கள். நண்பகல் வரை அப்படியே இருக்கும். அதன் பிறகு மறுபடி உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். துக்கத்துக்கு ஒரு பொழுது, அதற்கப்புறம் பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். கல்லறைக்குப் பூ வைக்கப் போகிற குடும்பங்கள் அங்கேயே விரித்து உட்கார்ந்து சாப்பிடுவது தென் மாநில மலைப்பக்கங்களில் பழைய வழக்கம். நமக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. நடுகல்லுக்குக் கள் படைத்த கூட்டம்தானே நாம்!

மெத்தைத் தள்ளுபடி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்து மூன்றாண்டு கழித்து, 1868-ல், ஜெனரல் ஜான் லோகன் மே 30-ஐப் பூ வைக்கும் நாளாக அறிவித்தார். 1971 முதல் அதை மே மாதக் கடைசித் திங்களுக்கு நகர்த்தி, மூன்று நாள் விடுமுறையாக்கிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் ஒரு கையை இழந்த செனட்டர் டேனியல் இனோயே, பழைய தேதிக்கே திருப்புங்கள் என்று செனட்டில் திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தார். நடக்கவில்லை. நீண்ட விடுமுறையைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

சரி, பெட்ஃபோர்டு. இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய படைகளுக்கான, நாட்டுக்கே பொதுவான அந்த நினைவிடத்தை வாஷிங்டனில் கட்டாமல் இந்தச் சின்ன ஊரில் கட்டியதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டு ஊர்வாரியாக ஆள் எடுத்தது. பொருளாதார மந்த காலத்தில் ஒரு பயிற்சிக்கு ஒரு டாலர் கிடைக்கும் என்று பையன்கள் சேர்ந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரன், பள்ளித் தோழன், அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே கம்பெனி, அதாவது ஒரே படைப்பிரிவு. 1944 ஜூன் 6-ஆம் தேதி காலை நார்மண்டியில் ஒமாஹா கடற்கரையில் முதல் அலையில் இறங்கியவர்களில் அந்த ஏ கம்பெனியும் ஒன்று. அன்று அதில் பெட்ஃபோர்டுப் பையன்கள் மட்டும் 19 பேர் இறந்தார்கள். ஊரின் மக்கள்தொகையோ அப்போது மூவாயிரத்துச் சொச்சம்.

ஊருக்கு இது தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஜூலை 17 அன்று மருந்துக்கடையில் இருந்த தந்தி இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாக இறப்புச் செய்திகளை அடிக்க ஆரம்பித்தது. ஹோபேக் குடும்பத்துக்கு அடுத்தடுத்து இரண்டு தந்திகள், இரண்டு மகன்கள். அப்புறம் ஒரு பொட்டலம் வந்தது. இளையவன் ரேமண்டின் பைபிள் கடற்கரை மணலில் கிடந்திருக்கிறது. வேறொரு சிப்பாய் அதை எடுத்து, உள்ளே இருந்த விலாசத்தைப் பார்த்துத் தாய்க்கு அனுப்பியிருக்கிறார். ரேமண்டின் உடல் கிடைக்கவே இல்லை.

நீங்கள் பார்த்த பிரம்மாண்டம் 2001-ல் திறந்தது. வளைவின் உயரம் 44 அடி 6 அங்குலம், 1944 ஜூன் 6 என்ற தேதியை நினைவூட்ட. இந்த எண் விளையாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் பெட்ஃபோர்டு நீதிமன்றத்தின் முன்னால் 1954-லேயே ஊர்க்காரர்களுக்காக ஒரு கல் வைத்தாயிற்று.  முடிந்தால் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

போரைக் கொண்டாடுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லுக்குக் கல் பதில் மாறும். அதே வர்ஜீனியாவில் பல நீதிமன்ற வாசல்களில் உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்தரப்பின் சிப்பாய்க்குச் சிலை வைத்தார்கள். பெரும்பாலானவை போர் முடிந்த உடனே வைத்தவை அல்ல. ஒரு தலைமுறை கழித்து, கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்த காலத்தில் வைத்தவை. துக்கத்தைவிட மிரட்டல்தான் அதில் அதிகம். 2020-ல் மாநிலச் சட்டம் மாறிய பிறகு பல ஊர்கள் அவற்றை அகற்றின. ஆகவே உங்கள் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள்.

செங்கல் கதை வேறு. பல ஊர்களில் குடும்பங்களே பணம் கட்டித் தாத்தா பெயரையோ மகள் பெயரையோ பொறிக்கிறார்கள். அதனால்தான் திரும்பி வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். நம் ஊர்ப்பக்கம் முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு கிராமங்களில் பளிங்குப் பலகைகள் பதித்தது. இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். இரண்டே எண்கள், ஒரு பெயர்கூடக் கிடையாது. அதைப் பார்த்து எந்தப் பேத்தி இது என் தாத்தா என்று சொல்ல முடியும்? அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் ஆட்கள் நடுகல்லில் இன்னான், இன்ன ஊரில், மாடு மீட்கப் போய்ச் செத்தான் என்று வெட்டிவைத்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கூடவே நின்று சண்டையிட்ட நாயையும் அதன் பெயரோடு செதுக்கியிருக்கிறார்கள். உங்கள் மகன் ஊர்ச் செங்கல் அந்த நடுகல்லுக்குத்தான் நெருக்கம். பிள்ளைகள் மேலே ஓடட்டும். யாராவது ஒரு பாட்டி, மெதுவாடா, அது உன் கொள்ளுத் தாத்தா என்று அதட்டுவாள். அந்த அதட்டல் நின்றுபோன ஊரில்தான் நினைவிடம் வெறும் தரையாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஊர்களில் வி.எஃப்.டபிள்யூ என்று பலகை மாட்டிய மண்டபங்கள் இருக்கும். வெளிநாட்டுப் போர்களில் பணியாற்றியவர்களின் சங்கம். ஸ்பெயினோடு நடந்த போரிலிருந்து காயமும் காய்ச்சலுமாகத் திரும்பியவர்களுக்கு மருத்துவமோ ஓய்வூதியமோ இல்லை என்பதால் 1899-ல் ஆரம்பித்தது. இப்போது வெள்ளிக்கிழமை மீன் வறுவல், பிங்கோ ஆட்டம், ஈமச் சடங்குக்கு ஆள் அனுப்புவது என்று ஓடுகிறது. பெரிய ஆவேசமெல்லாம் அங்கே இருக்காது. முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். 1973-ல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றுவிட்டதால் படைக்குப் போகும் குடும்பங்கள் குறைந்துவிட்டன. ஈராக் போரிலிருந்து திரும்பிய இளையவர்களோ இந்த மண்டபங்களுக்கு அவ்வளவாக வருவதில்லை.

நவம்பர் வரை மகன் வீட்டில் இருப்பீர்கள் என்றால் 11-ஆம் தேதியைத் தவறவிடாதீர்கள். முதல் உலகப் போர் ஓய்ந்த நாள், 1954 முதல் எல்லாப் படைவீரர்களுக்குமான நாள். மே மாதம் இறந்தவர்களுக்கு, நவம்பர் முக்கியமாக உயிரோடு இருப்பவர்களுக்கு. பள்ளிகளில் தாத்தா பாட்டிகளை அழைத்து உட்கார வைப்பார்கள். கப்பல் பெயர் போட்ட தொப்பியோடு யாராவது வருவார். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு நகராமல், அந்தக் கப்பலில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஆசிரியை நீங்கள், கேள்வி கேட்கத் தெரியாதா! அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.